வெள்ளிக்கிழமை எண்ணெய்

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை ஹேமாவதி ஒன்பது வருஷமாக யாரையும் தொடவிட்டதில்லை. அதற்குள் இருந்தது அவளுடைய முடி. தலை வாரும்போது சீப்போடு வருகிற முடியை விரலில் சுற்றி, சின்ன உருண்டையாக்கி, அந்தப் பைக்குள் போடுகிற வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் அவள் அம்மா கன்னியம்மா. சீப்பு முடிக்கு ஸ்டீல் கிண்ணம் தருகிறவன் தெருவில் கூவிக்கொண்டு வந்தால், "போய்யா, என் பொண்ணு முடி கிண்ணத்துக்கு இல்ல" என்று விரட்டுவாள். "வயசான காலத்துல இதையே சவுரியா கட்டிக்கலாம்டி. அடுத்தவ முடி நமக்கு இன்னாத்துக்கு?" என்பாள் மகளிடம்.

அந்த வயசான காலம் முப்பத்து மூன்றிலேயே வந்துவிட்டது.

தங்கை கார்த்திகாவுக்கு ஆவணியில் கல்யாணம். அம்மா போய் இரண்டு வருஷமாகிறது; அப்பா அதற்கும் முன்னாலேயே. மணவறையில் தாய் நிற்க வேண்டிய இடத்தில் அக்காதான் நிற்க வேண்டும். ஹேமாவின் பின்னல் இப்போது சுண்டுவிரல் தடிமன்தான். அதில் பூ வைத்தால் பூவின் பாரத்துக்கே இறங்கிவிடும். ஆடி முடிய பத்து நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலையில், மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு புருஷன் எத்திராஜோடு பைக்கில் பூந்தமல்லிக்குப் போனாள். அவனுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட்.

சரசா சவுரி கட்டுகிற இடம் கடைத்தெருவில் பூக்கடைகளுக்குப் பின்னால் இருந்தது. ஒரு கட்டில் அகலம்தான் இருக்கும். தரையில் ஒரு பலகை, பலகை நிறைய மேல்நோக்கி அடித்த ஆணிகள். அந்த ஆணிகளுக்கு நடுவே முடியை இழுத்து இழுத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவள் தலையில் இருந்ததும் சவுரிதான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"யாரு முடிம்மா?"

"என்னுதுதான்க்கா."

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

சரசா பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடியில் கிடந்தது மேலே வந்தது. ஓர் உருண்டையைப் பிரித்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய முடி கையை விட்டுத் துள்ளிச் சுருண்டது.

"அடேங்கப்பா. இன்னா சுருட்டை! எண்ணெ குடிச்ச முடி இது. பாரு, இன்னும் வழுக்குது. இதை வச்சிக் கட்டுனா உன் பேத்தி காலத்துக்கும் வரும்."

ஹேமாவின் முகம் மலர்ந்தது. சரசா அடுத்தடுத்து உருண்டைகளைப் பிரித்துக்கொண்டே போனாள். பாதிக்கு மேல் போனதும் கை நின்றது. ஓர் இழையை இரண்டு விரலால் இழுத்தாள். பட்டென்று அறுந்தது. இன்னொன்றை இழுத்தாள். அதுவும்.

"இது வேற யாருதோ கலந்துட்ச்சா?"

"இல்லக்கா. அதுவும் என்னுதுதான்."

"அப்போ நடுவுல எண்ணெ உட்டுட்டியா?"

"ஆமாக்கா. இவருக்கு ஆவாது." ஹேமா எத்திராஜைக் காட்டிச் சிரித்தாள். "இவரு அம்பத்தூர் கம்பெனில பெயின்ட் ஷாப்பு. பைக்கு டேங்க்குக்குப் பெயின்ட் அடிக்கறாரு. ஊட்டுல எண்ணெ இருந்தா டேங்க்கு கெட்டுப்பூடும்."

சரசா எத்திராஜை மேலும் கீழும் பார்த்தாள். "இது இன்னாடி கூத்து? தல உன்னுது, எண்ணெ உன்னுது. டேங்க்கு எங்கியோ அம்பத்தூர்ல கீது. அதுக்கும் இதுக்கும் இன்னா?"

எத்திராஜ் வாசலுக்கு வெளியே பார்த்தான். மெட்ரோ தூணுக்குக் கீழே ஒரு தண்ணீர் லாரி திரும்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த மேல்பாதி கட்டறதுக்கு ஆவாதும்மா, பொடிப்பொடியா உதிருது. அடியில கீறதை வச்சி ஒரு சவுரி சோக்கா கட்டித் தரேன். ஆனா ஒண்ணு. காஞ்ச தலையில சவுரி நிக்காது. நழுவும். மணவறையில அசிங்கமாயிடும். தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரம் கீதுன்ன இல்ல? வாரத்துக்கு ரெண்டு தபா எண்ணெ வை. கீற முடியையாவது காப்பாத்திக்கோ. இன்னா தம்பி, உன் டேங்க்கு மூணு வாரம் பொறுக்குமா?"

"பொறுக்கும்" என்றான் எத்திராஜ்.

*

அந்த முடியைப் பார்த்துத்தான் அவன் அவளைக் கட்டிக்கொண்டான். குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் ஹேமா ஏறுவாள். இடுப்புவரை சுருள்சுருளாக இருக்கிற முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருப்பாள். அப்படியும் காதோரம் இரண்டு சுருள் அடங்காமல் நிற்கும். கூட்டத்தில் திரும்பினால் பின்னல் யார் மேலாவது போய் விழும். ஒருநாள் அவன் மேல் விழுந்தது. கரிசலாங்கண்ணியும் வெந்தயமும் கலந்த ஒரு வாசனை. அன்றைக்கு அவன் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

கல்யாணமாகி நசரத்பேட்டைக்கு வந்தபின் அந்த வாசனையின் மூலம் யாரென்று தெரிந்தது. கன்னியம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. எட்டு மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விடியற்காலை முதல் பஸ் பிடித்து மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள். எண்ணெயை ஒரு குழிக்கரண்டியில் ஊற்றி, சுடச்சுட இல்லாமல் கை பொறுக்கிற சூட்டில் எடுத்து, முடியை வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் வேரில் வைப்பாள். "கோரை முடிக்கு நாலு சொட்டு போதும். சுருட்டை முடி குடிக்கும்டி. குடிக்கக் குடிக்கக் குடுக்கணும்." உலர்ந்த தலையில் சீப்பு வைக்கவே விடமாட்டாள். எண்ணெய் ஊறியபின் அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே வாருவாள். வாரும்போது தெருக்கதை, பள்ளிக்கூடத்துக் கதை, சாம்பாரில் பருப்பைக் குறைக்கிறவர்கள் கதை எல்லாம் வரும். எத்திராஜ் போர்வைக்குள் படுத்துக்கொண்டே கேட்பான். ஏழேகாலுக்கு உருண்டையை மஞ்சப்பையில் போட்டுவிட்டு, "வரேன் மாப்ளே, எழுந்திருங்க, சூரியன் உங்க தலைமேல கீது" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

மூன்றாம் வருஷம் அவனைப் பெயின்ட் ஷாப்பில் ஸ்ப்ரே அடிக்க எடுத்தார்கள். அதற்கு முன்னால் பாலிஷ் போடுகிற இடத்தில் இருந்தான். சம்பளமும் மரியாதையும் கூடிய வேலை. ஆனால் அங்கே ஒரு வியாதி உண்டு. பெயின்ட் அடித்த கையோடு டேங்க்கின் மேல் கடுகளவு குழிகள் விழும். நடுவில் ஒரு புள்ளி, சுற்றி ஒரு வளையம். மீன்கண்ணு என்பார்கள். எங்கிருந்தாவது துளி எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் போதும். அதனால் உள்ளே வேலை செய்கிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, பவுடர், சென்ட் எதுவும் கூடாது.

அந்த வருஷம் மீன்கண்ணு அம்மை மாதிரி விழுந்தது. சூப்பர்வைசர் அபிஷேக் சேலத்துக்காரன், சின்ன வயசு. ஸ்ப்ரே அடிக்கிற ஆறு பேரையும் வரிசையாக நிற்க வைத்தான்.

"எத்திராஜ் அண்ணே, உங்க சட்டையில எண்ணெ வாசம் வருதுங்களே."

"நான் வைக்கறதே இல்ல சார்."

"நீங்க வைக்கறதில்ல. வீட்டுல? தலகாணி ஒண்ணுதானுங்களே?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் ஒரு மெமோ வந்தது. அடுத்த மாதம் இரண்டாவது. மூன்றாவது வந்தால் கான்ட்ராக்டை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு.

ஹேமா தலையணையைத் தனியாக வைத்துக்கொண்டாள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் சமையலறையில் பாய் போட்டுப் படுத்தாள். அப்படியும் மீன்கண்ணு விழுந்தது. மூன்றாம் ஷிப்ட் முடித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எத்திராஜ் வீட்டுக்குள் நுழைந்தபோது, அன்றைக்கு மட்டும் பதினோரு டேங்க் கெட்டுப்போயிருந்தது. உள்ளே கன்னியம்மா மகள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும், "இன்னா மாப்ளே, மூஞ்சி வாடிக் கீது? டேங்க்குக்கு இன்னும் அம்மை எறங்கலியா? வேப்பிலை சொருவிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

எத்திராஜ் பக்கத்தில் இருந்த எண்ணெய் பாட்டிலை எடுத்தான். பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போனான். கவிழ்த்தான். பச்சை எண்ணெய் மெதுவாகத்தான் இறங்கியது. அது முழுக்க இறங்கும்வரை பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"ஒரு மாசம் நெழல்ல காய வச்ச கரிசலாங்கண்ணி, மாப்ளே" என்றாள் கன்னியம்மா. கோபமாகச் சொல்லவில்லை. தகவல் மாதிரிதான் சொன்னாள். கையில் மிச்சமிருந்த எண்ணெயை வீணாக்காமல் தன் குதிகால் வெடிப்பில் தேய்த்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதை எதுவும் வரவில்லை. "எனக்கு வேலையில்லாம உக்காரத் தெர்லடி" என்று பாதியில் எழுந்தாள். மகள் வீட்டில் சும்மா உட்காருவது எப்படி என்று அவள் கற்றுக்கொண்டதே இல்லை. பிறகு மாதம் ஒருமுறை வந்தாள். பிறகு தீபாவளி, பொங்கல் என்றானது.

ஹேமா யாரிடமும் குறை சொல்லவில்லை. மகள் நிவேதிதா வளர்ந்து பள்ளிக்கூடம் போனபோது, அவளுக்கும் அதே சுருட்டை. அப்பாவின் கையில்தான் தூங்குவாள் என்பதால் அவளுக்கும் எண்ணெய் கிடையாது. தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பவும் என்று டீச்சர் டைரியில் எழுதினார். ஹேமா தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வாரி அனுப்புவாள். முதல் மணி அடிப்பதற்குள் காய்ந்து, குழந்தையின் தலை பஞ்சு வெடித்த மாதிரி நிற்கும். ஹேமாவுக்கோ முடி கொத்துக்கொத்தாக வந்தது. டாக்டரம்மா ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதினார். "முடி கொட்ட நூறு காரணம் இருக்கும்மா, இதுதான்னு ஒண்ணைச் சொல்ல முடியாது" என்றார். அந்த நூறு காரணங்களுக்குள் எத்திராஜ் வசதியாக ஒளிந்துகொண்டான்.

ஒளிய வேண்டிய காரணம் அவனுக்கு இருந்தது.

நிவேதிதாவுக்கு ஐந்தாவது வயதில் காது குத்தின வருஷம். போகிக்கு முந்தின நாள் கம்பெனியை மூடிப் பராமரிப்பு வேலை பார்த்தார்கள். கம்ப்ரஸர் மெக்கானிக் தங்கராஜ், ஸ்ப்ரே துப்பாக்கிக்குக் காற்று வருகிற குழாயைக் கழற்றி ஒரு பக்கெட்டில் சாய்த்தான். கருப்பாக எண்ணெய் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.

"இந்தா பாரு மாமே! உள்ள சீல் பூடுச்சு. எத்தினி வருஷமா கம்ப்ரஸர் எண்ணெ காத்தோட வந்துகினு கீதோ. இதை வச்சிகினு உங்க பொண்டாட்டிங்க தலையை மோந்து பாத்தீங்களேடா டேய்!"

எல்லோரும் சிரித்தார்கள். அபிஷேக்கும் சிரித்தான். "சாரிண்ணே" என்று எத்திராஜின் தோளைத் தட்டினான். பொங்கலுக்குப் பின் மீன்கண்ணு நின்றுபோயிற்று.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போதே ஹேமாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். காணும் பொங்கலன்று காது குத்து. எல்லோரும் இருக்கும்போது கன்னியம்மாவிடமே நேராகச் சொல்லி, "அத்த, வர வெள்ளிக்கிழமை எண்ணெ எடுத்துகினு வாங்க" என்று கூப்பிடலாம் என்று நினைத்தான். பேத்தியை மடியில் வைத்திருந்த கன்னியம்மா, காதில் தடவ யாரோ தேங்காய் எண்ணெய் கேட்டபோது, "ஷ்ஷ், எங்க மாப்ளே எதுர்ல எண்ணெ பேரை எடுக்காதீங்க, டேங்க்குக்கு அம்மை வார்த்துடும்" என்றாள். மொத்த உறவும் சிரித்தது. எத்திராஜுக்கு முகம் சுருங்கிவிட்டது. இப்போது சொன்னால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள் என்று நினைத்தான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஆடியில், பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கன்னியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, "இன்னாமே, கம்பெனில புதுசா தலைக்குக் குல்லா குடுத்துட்டாங்க, இனிமே நீ எண்ணெ வச்சிக்கலாம்" என்று ஹேமாவிடம் சொன்னான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இனிமே இன்னாத்துக்கு?" என்றாள்.

*

வியாழக்கிழமை காலை, நிவேதிதாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பியவன் கையில் ஒரு பை நிறையத் தழையோடு வந்தான்.

"இன்னாத்த பறிச்சிகினு வந்துகீற?"

"கரிசலாங்கண்ணி. பிளாட்டுக்குப் பின்னாடி தண்ணி தேங்கிக் கீது இல்ல, அங்க கெடந்துச்சு."

ஹேமா ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தாள். "யோவ், பாதி வேற ஏதோ செடி. வெள்ளைப் பூ பூத்ததெல்லாம் கரிசலாங்கண்ணியா?" சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரித்தாள். ஒரு தண்டைக் கிள்ளி அவன் உள்ளங்கையில் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் கறுத்தது. "பாத்தியா? இப்டி கறுக்கணும். கறுக்கலைன்னா தூக்கிப் போடு."

காய வைக்க நாள் இல்லை. பச்சையாகவே அரைத்துச் சாறெடுத்துக் காய்ச்சலாம் என்றாள். பரணிலிருந்து அம்மாவின் இரும்புச் சட்டியை எத்திராஜ் இறக்கித் துரு போகத் தேய்த்தான். செக்கெண்ணெய் வாங்கிவந்திருந்தான். கறிவேப்பிலை, ஊறவைத்த வெந்தயம், பக்கத்து வீட்டுச் செம்பருத்தி. ஹேமா வாசப்படியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினாள்.

"தீயைக் கொறை. கொறைய்யா, அது இன்னா டேங்க்கா சூடு ஏத்தறதுக்கு?"

"எவ்ளோ நேரம் கொதிக்கணும்?"

"கடியாரத்தைப் பாக்காத. காதைக் குடு. சடசடன்னு கேக்குதா? உள்ள தண்ணி கீதுன்னு அர்த்தம். அந்தச் சத்தம் அடங்கணும். தண்ணி நின்னா எண்ணெ சிக்கு வாடை அடிச்சிடும்."

இரண்டு பேரும் பேசாமல் கேட்டார்கள். நெடுஞ்சாலையில் போகிற லாரிகளின் சத்தத்துக்கு நடுவே சட்டிக்குள் சடசடப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. வாசனை எழுந்தது. எத்திராஜுக்குப் பஸ் ஞாபகம் வந்தது. ஹேமாவைப் பார்த்தான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"புகை" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குழந்தை பள்ளிக்கூடம் போனபின் அவளைத் தரையில் உட்கார வைத்து, தான் முக்காலி மேல் உட்கார்ந்தான். குழிக்கரண்டியில் எண்ணெயைச் சூடு காட்டி எடுத்துவந்தான். முதல் வகிட்டைப் பிரிக்கவே அவனுக்குக் கை வரவில்லை. வகிடு எங்கே என்று தேட வேண்டியதில்லை. தலையே வகிடாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் அவன் அவள் தலையை இவ்வளவு கிட்டத்தில் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. இடது காதுக்குப் பின்னால் மட்டும் பழைய சுருள் ஒன்று இன்னும் சுருண்டிருந்தது.

"அழுத்தாத. விரல் நுனியால வை."

"இப்டியா?"

"ம். பரவால்ல, பெயின்ட்காரன் கை." கண்ணை மூடிக்கொண்டாள். வலப்பக்கம் முழுக்க வைத்து முடித்தான். அவள் தோள் இறங்கியது. தலை அவன் முழங்காலில் சாய்ந்தது. இந்த வீட்டில் இப்படி இரண்டு பேரும் உட்கார்ந்து எத்தனை வருஷமாகிறது என்று அவனுக்கு நினைவுக்கு வரவில்லை.

"நீ அன்னிக்கு எண்ணெயைக் கொட்டுன இல்ல" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "எனக்கு நெஜமா கோவம் வரலய்யா. வேலை பூடும்னு பயந்துட்டான் பாவம், அப்டின்னுதான் நெனச்சேன். அம்மாகிட்டயும் அதான் சொன்னேன். அவர் மேல தப்பு இல்லம்மா, கம்பெனி அப்டின்னு."

எத்திராஜின் கை நின்றது.

"ஏன், எண்ணெ தீந்துட்ச்சா?"

"ஹேமா."

"ம்."

"அந்த மீன்கண்ணு உன் எண்ணெயால வரலமே."

"அப்பால?"

"கம்ப்ரஸர் சீல் பூட்டிருந்துச்சு. காத்து வர்ற கொழாயிலயே எண்ணெ கலந்துகினு இருந்துச்சு. தங்கராஜ்தான் கழட்டிக் காட்டுனான்."

"அடப்பாவிங்களா!" என்று சிரிக்கப் போனாள். "எப்போ, இப்பவா?"

"இல்ல."

"எப்போ?"

"நிவேதிதாவுக்குக் காது குத்துனோமே. அந்தப் பொங்கல்."

பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு அவள் முகம் தெரியவில்லை. விரலுக்குக் கீழே அவள் மண்டைத் தோல் இறுகுவது மட்டும் தெரிந்தது.

"அம்மா மடியிலதானே உக்கார வச்சிக் குத்துனோம்."

"ஆமா."

"அதுக்கப்புறம் ஏழு மாசம் இருந்துச்சு அம்மா."

"சொல்லணும்னுதான் இருந்தேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அப்பால... அப்பால சொல்லிக்கலாம்னு."

கீழே காய்கறி வண்டிக்காரன் தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டு போனான். அவன் குரல் தெருமுனை திரும்பித் தேய்ந்தது.

"ஆனி கடைசில அம்மா போன் பண்ணுச்சு" என்றாள் ஹேமா. "எண்ணெ எடுத்துகினு வரலடி, சும்மா வந்து தலையைக் கோதி உட்டுட்டுப் போறேன், வரட்டுமான்னு கேட்டுச்சு. நான் வாணாம்னுட்டேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அம்மா கையில எப்பவும் எண்ணெ வாசம் கீது இல்ல? அது ஒட்டிக்கும். உனக்கு மெமோ வந்துடும். அதனால வாணாம்மான்னு சொன்னேன். சரிடின்னு வச்சிட்ச்சு."

"ஹேமா..."

"கையை எடு."

எடுத்தான். அவள் எழுந்து, பாதித் தலை எண்ணெயும் பாதித் தலை வறட்சியுமாக முடியை அள்ளி ஒரு முடிச்சுப் போட்டாள். உலை வைத்தாள். கீரை ஆய்ந்தாள். எத்திராஜ் குழிக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவை மூடி, எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தாள். அவன் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து சொன்னாள்:

"எண்ணெயை எடுத்து வை. மீதியை நானே வச்சிக்கறேன்."

*

மூன்று மணிக்கு ஷிப்ட். எத்திராஜ் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினான். கையுறை போட்டான், குல்லா போட்டான், முகமூடி போட்டான். அத்தனைக்கும் உள்ளே கரிசலாங்கண்ணி வாசனை அவனோடு வந்தது. மணிக்கட்டுக்கு மேலே, சட்டைக் கையின் ஓரத்தில், எண்ணெய் ஒரு பச்சைக் கோடாகப் படிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. துடைக்கவும் இல்லை.

கொக்கிகளில் தொங்கிக்கொண்டு டேங்க்குகள் வரிசையாக வந்தன. கருஞ்சிவப்பு நிறம். ஒவ்வொன்றாக அடித்தான். ஓவனுக்குள் போய் வெளியே வந்ததும், வழக்கமாகச் சோதிக்கிற பெண்ணை நகரச் சொல்லிவிட்டு, தானே ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்று ஒவ்வொரு டேங்க்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குனிந்து பார்த்தான். சாய்த்துப் பார்த்தான். விரலால் தடவினான்.

"இன்னா மாமே தேடற?" என்றான் அந்தப் பக்கம் வந்த தங்கராஜ்.

"மீன்கண்ணு."

"அதான் நின்னு பூடுச்சே, இன்னும் இன்னாத்த தேடிகினு கீற?"

எத்திராஜ் அடுத்த டேங்க்கின் அடிப்பக்கம் குனிந்தான். ஒன்றே ஒன்று விழுந்திருந்தால் போதும். இன்றைக்கு, இந்த எண்ணெயால், கடுகளவுக்கு ஒரு கண் விழுந்திருந்தால் வீட்டுக்குப் போய், அன்றைக்குப் பயந்தது வீணில்லை என்று அவளிடம் காட்ட ஏதாவது இருக்கும். கடைசி டேங்க்கைத் திருப்பினான். கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் குல்லாவும் முகமூடியுமாக அவன் முகம் தெரிந்தது. அதைத் தவிர ஒரு புள்ளி இல்லை.